சலாஹுத்தீனுக்குப் பாலக்கோட்டில் என்ன வேலை?

குரூப் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் சிலர் சாயங்காலமானால் பாலக்கோட்டில் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியே கிழவனானவன் என்பதால் எனக்கு இந்த மரியாதை. ஆண்டுகளில் அவர்களை அசைக்க முடியாது. 1095-இல் போப் இரண்டாம் அர்பன் சிலுவைப்போருக்கு அழைத்தார். 1099-இல் ஜெருசலேம் கிறிஸ்தவப் படையிடம் விழுந்தது. 1187-இல் முஸ்லிம் சுல்தான் சலாஹுத்தீன் அதை மீட்டார். 1291-இல் ஏக்கர் நகரமும் சிலுவைப் படையின் கைவிட்டுப் போய்க் கதை முடிந்தது. கேட்ட மாத்திரத்தில் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளைகளில் ஒருவன் கைபேசியில் வந்த ஒரு காணொளியைக் காட்டி, "இது ஆயிரம் வருஷத்துப் பகை தாத்தா, ரத்தத்துலயே ஊறினது, தீராது" என்றான். அவன் கிறிஸ்தவனும் இல்லை, முஸ்லிமும் இல்லை. காரிமங்கலம் பக்கத்துப் பையன். அவனுக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பகை? அவனுக்காகவும் அவன் வயதுக்காரர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நல்லிணக்கம் பேச வருகிறவர்கள் பலர் பழைய கொடுமைகளைத் தொடாமலே தாண்டிப் போவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் மறைத்ததை நாளைக்கு வேறொருவன் எடுத்துக் காட்டி, "பார்த்தாயா, உன் வாத்தியார் இதைச் சொல்லவே இல்லை" என்பான். அன்றைக்கு நான் சொன்ன மற்றதும் சேர்ந்து பொய்யாகிவிடும். ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். 1099 ஜூலை 15 அன்று ஜெருசலேமுக்குள் புகுந்த சிலுவைப் படை அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிச் சாய்த்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, முதல் படைகள் புறப்பட்ட 1096-இல், ஜெர்மனியின் ரைன் நதிக்கரை ஊர்களில் வாழ்ந்த யூதர்களை அந்தக் கூட்டத்தார் கொன்று குவித்திருந்தார்கள். 1202-இல் புறப்பட்ட படையோ ஜெருசலேம் வரைக்கும் போகவே இல்லை. 1204-இல் கான்ஸ்டான்டிநோபிள் என்ற கிறிஸ்தவத் தலைநகரையே கொள்ளையடித்தது.

மறுபக்கமும் உண்டு. 1187-இல் சலாஹுத்தீன் ஜெருசலேமைக் கைப்பற்றியபோது ஊரை ரத்தக்களமாக்கவில்லை. தலைக்கு இவ்வளவு என்று மீட்புப்பணம் வாங்கிக்கொண்டு மக்களை வெளியேறவிட்டார். அதற்காகவே அவரை எதிரிகளும் புகழ்ந்தார்கள். பணம் கட்ட முடியாத ஆயிரக்கணக்கான ஏழைகள் அடிமைகளாகப் போனார்கள் என்பதையும் அதோடு சேர்த்தே படிக்க வேண்டும். 1268-இல் சுல்தான் பைபர்ஸ் அந்தியோக்கியா நகரைப் பிடித்தபோது அங்கே நடந்த படுகொலைக்கும் அடிமை வியாபாரத்துக்கும் எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

இந்தப் பாடத்தை ஒன்பதாம் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன் எழுந்து, "சார், இதுல நாம எந்தப் பக்கம்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பணிக்காலத்தில் என்னைக் கேட்ட கேள்விகளில் மறக்காமல் நிற்கிறது அது ஒன்றுதான்.

நாம் எந்தப் பக்கமும் இல்லை. 1099-இல் நம் பகுதிக்கு அரசன் முதலாம் குலோத்துங்க சோழன். சலாஹுத்தீன் காலத்தை ஒட்டி, மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், இன்றைய தருமபுரியான தகடூரில் இருந்தவர் அதியமான் வழிவந்த விடுகாதழகிய பெருமாள். அவர் செய்த ஒரு காரியம் கல்வெட்டில் இருக்கிறது. போளூர் பக்கத்துத் திருமலையில் தம் முன்னோர் வைத்த சமண யக்ஷன், யக்ஷி உருவங்கள் சிதைந்து கிடந்ததைச் செப்பனிட்டு மறுபடி நிறுத்தினார். ஜெருசலேமில் யார் கோயில் யாருக்கு என்று வெட்டிக்கொண்ட அந்தத் தலைமுறையில், நம் தகடூர்த் தலைவரின் பெயர் ஒரு சமண மலையில் இந்த வேலைக்காக நிற்கிறது. தமிழ்நாட்டில் சமயச் சண்டையே இருந்ததில்லை என்று நான் சொல்லவில்லை. சைவமும் சமணமும் மோதிக்கொண்டதை நாம் அறிவோம். ஆனால் சிலுவைப்போரில் நமக்குப் பங்கு இல்லை; அந்தக் கணக்கு நம் பெயரில் இல்லை.

சரி, அந்தப் பகை உரியவர்களிடமாவது ஆயிரம் வருஷமாக அணையாமல் எரிந்துகொண்டிருந்ததா? அதுவும் இல்லை. இதைத்தான் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். அரபு உலகத்துக்கு அதைவிடப் பெரிய அடி மங்கோலியர் கொடுத்தது. 1258-இல் பாக்தாத் அழிந்தது. சிலுவைப்போர்கள் வந்து போன பல படையெடுப்புகளில் ஒன்றாகப் பின்னுக்குப் போயின. சலாஹுத்தீனை விடாமல் நினைவு வைத்திருந்தது ஐரோப்பாதான். இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காவியத்தில் அவருக்கு நல்லோர் வரிசையில் இடம் கொடுத்தார். 1825-இல் வால்டர் ஸ்காட் அவரை நாவலில் கதாநாயகர் அளவுக்கு உயர்த்தினார். 1898-இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் டமாஸ்கஸுக்குப் போய் சலாஹுத்தீன் கல்லறைக்கு வெண்கல மலர்வளையம் சாத்தினார். பக்தியில் இல்லை, துருக்கி சுல்தானின் நட்பு அவருக்குத் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு, 1899-இல், கெய்ரோவில் சிலுவைப்போர்களுக்கென்றே ஒரு அரபு வரலாற்று நூல் வந்தது. ஐரோப்பிய நாடுகள் அரபு மண்ணைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. புதிய காயத்துக்கு ஒரு பழைய பெயர் வேண்டியிருந்தது, கிடைத்தது.

முதல் உலகப்போரில் இந்தக் கூத்து உச்சத்துக்குப் போனது. 1917 டிசம்பர் 11 அன்று பிரிட்டிஷ் ஜெனரல் ஆலன்பி ஜெருசலேமுக்குள் நடந்து நுழைந்தார். லண்டன் பஞ்ச் பத்திரிகை, பழைய சிங்க இதய ரிச்சர்ட் மன்னர் தம் கனவு நிறைவேறியதாக ஜெருசலேமைப் பார்த்து நிற்பதுபோல் கேலிச்சித்திரம் போட்டு, கடைசிச் சிலுவைப்போர் என்று தலைப்பும் கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், இதைச் சிலுவைப்போர் என்று எழுதாதீர்கள் என்று பிரிட்டிஷ் அரசே பத்திரிகைகளுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தது. காரணம், அந்தப் பேரரசிலும் படையிலும் அத்தனை முஸ்லிம்கள். மறு ஆண்டு செப்டம்பர் 23 அன்று ஹைஃபா நகரைப் பிடித்தவர்கள் யார் தெரியுமா? மைசூர், ஜோத்பூர் சமஸ்தானங்களின் குதிரைப்படை வீரர்கள். ஹைதராபாத் நிஜாமின் குதிரைப்படையும் அதே படைப்பிரிவைச் சேர்ந்தது. டெல்லியில் தீன்மூர்த்தி என்று மூன்று சிலைகள் நிற்கின்றனவே, அவை இந்த மூன்று சமஸ்தான வீரர்களுக்காகத்தான். ராஜபுத்திரரும் கன்னடரும் முஸ்லிம்களும் துருக்கி முஸ்லிம் படையோடு சண்டை போட்டு ஜெயித்த போருக்கு, லண்டனில் உட்கார்ந்து சிலுவைப்போர் என்று பெயர் சூட்டினார்கள்.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எடுக்காதவர்கள் குறைவு. 1998-இல் ஒசாமா பின் லேடன் யூதருக்கும் சிலுவைப்போராளிகளுக்கும் எதிரான போர் என்று அறிக்கை விட்டார். 2001 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், பயங்கரவாதத்துக்கு எதிரான தம் போரைச் சிலுவைப்போர் என்று வாய்தவறிச் சொல்லி, பிறகு அவருடைய ஆட்களே அதற்குச் சமாதானம் சொல்ல வேண்டிவந்தது. 2011-இல் நார்வேயில் 77 பேரைக் கொன்றவன் தன்னை டெம்ப்ளர் என்ற பழைய சிலுவைப் படைச் சங்கத்தின் வீரனாகச் சொல்லிக்கொண்டான். அந்தச் சங்கம் கலைக்கப்பட்டது 1312-இல். ஏழு நூற்றாண்டாக இல்லாத ஒன்றில் அவன் தானே சேர்ந்துகொண்டான். இதைப் பரம்பரைப் பகை என்று எப்படிச் சொல்வது? பரம்பரை நடுவிலேயே அறுந்து போயிருக்கிறது. வேண்டியவர்கள் வேண்டியபோது முடிச்சுப் போட்டுக்கொள்கிறார்கள்.

தமிழ் மண்ணுக்கு இந்தப் போரின் வால் வந்து சேரவே இல்லையா என்றால், வந்தது. கடல் வழியாக வந்தது. டெம்ப்ளர் சங்கம் கலைந்தபின் போர்ச்சுகலில் அதன் சொத்துகளோடு 1319-இல் கிறிஸ்து சங்கம் என்று ஒன்றை அமைத்தார்கள். அதன் சிவப்புச் சிலுவைதான் பிற்காலப் போர்ச்சுகீசியக் கப்பல்களின் பாயில் இருந்தது. அந்தப் பாய் 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்தது. வாஸ்கோ ட காமா 1502-இல் மறுபடி வந்தபோது, மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு பயணிகள் கப்பலைப் பெண்கள், குழந்தைகள் உள்பட ஆட்களோடு எரித்தார். ஐரோப்பாவில் மூர்கள் என்று அவர்கள் அழைத்த முஸ்லிம்களோடு போட்ட சண்டையை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு வந்து நம் கடலில் அவிழ்த்தார்கள்.

அங்கேயும் கட்சிகள் மதக்கோட்டில் நிற்கவில்லை. பொன்னானியில் இருந்த ஷேக் ஜைனுத்தீன், போர்ச்சுகீசியரை எதிர்த்துப் போராடுங்கள் என்று முஸ்லிம்களை அழைத்து 16-ஆம் நூற்றாண்டில் அரபியில் ஒரு நூல் எழுதினார். அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியது கோழிக்கோட்டு சாமூதிரி என்ற இந்து அரசர். அவருடைய கடற்படைத் தளபதிகள் குஞ்ஞாலி மரைக்காயர்கள் என்ற முஸ்லிம்கள். கடைசியில் என்ன ஆனது? நான்காம் குஞ்ஞாலிக்கும் சாமூதிரிக்கும் பகை முற்றி, சாமூதிரி போர்ச்சுகீசியரோடு சேர்ந்தே அவரை வளைத்தார். 1600-இல் குஞ்ஞாலியை கோவாவில் கொன்றார்கள்.

நம் முத்துக்குளித்துறைக் கதை இன்னும் நெருக்கமானது. மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி முத்தெடுத்தவர்கள் பரதவர்கள். முத்து வியாபாரத்திலும் செல்வாக்கிலும் ஓங்கி நின்றவர்கள் காயல்பட்டினம் முதலான ஊர்களின் முஸ்லிம் வணிகர்கள். உரசல் நெடுநாளாக இருந்தது. 1530-களில் ஒரு பரதவரின் காதைப் பிய்த்து நகையைப் பறித்ததில் சண்டை வெடித்தது என்று பாதிரிமார் எழுதி வைத்திருக்கிறார்கள். பரதவர் சார்பில் சிலர் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். அதற்கு விலை ஞானஸ்நானம். 1536, 1537-ஐ ஒட்டி ஆயிரக்கணக்கில் பரதவர்கள் மதம் மாறினார்கள். 1538-இல் மண்டபம் பக்கத்து வேதாளையில் போர்ச்சுகீசியப் படை மரைக்காயர் படையைத் தோற்கடித்தது. பிரான்சிஸ் சவேரியார் வந்து தமிழில் ஜெபம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியது இதற்கெல்லாம் பிறகு, 1542-இல்.

போர்ச்சுகீசியருக்கு இது சிலுவைப்போரின் தொடர்ச்சி. பரதவருக்கும் மரைக்காயருக்கும்? முத்துக்குளிப்பின் வருமானம் யாருக்கு என்ற வழக்கு. 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், வந்ததும் கத்தோலிக்கப் பாதிரியார்களை விரட்டினார்கள். முத்தை மட்டும் விடவில்லை. என் கணக்கில், மதத்தின் பெயரால் நடக்கிற எந்தச் சண்டையிலும் முதலில் பார்க்க வேண்டியது ஆதாயம் எந்தப் பக்கம் போகிறது என்பதை. பக்தி பொய் என்று சொல்ல மாட்டேன். பரதவர் வீட்டுப் பக்தி ஐநூறு வருஷத்தை நெருங்கி நிற்கிறது. அதைப் போலி என்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை. பக்தியும் ஆதாயமும் ஒரே படகில் ஏறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். பாலக்கோடு, தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்த பாரமகால் சீமை ஹைதர் அலி, டிப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தது. 1767 முதல் இங்கே கோட்டைகள் ஆங்கிலேயருக்கும் மைசூருக்கும் மாறி மாறிக் கைமாறின. 1791 ஜூலையில் மேஜர் கௌடியின் படை ராயக்கோட்டையைப் பிடித்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகால் முழுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போய், அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோவும் வரி வசூலுக்கு வந்தார்கள். தருமபுரியில் மன்றோ நினைவுத் தூணைப் பார்த்திருப்பீர்கள்.

இந்த மைசூர்ப் போர்களைக் கிறிஸ்தவ வெள்ளையனுக்கும் முஸ்லிம் டிப்புவுக்கும் நடந்த மதப்போர் என்று இரண்டு தரப்பாரும் இன்று சொல்கிறார்கள். ஒரு தரப்புக்கு டிப்பு மதவெறியர். இன்னொரு தரப்புக்கு ஒரு குறையும் இல்லாத வீரர். ஆவணங்கள் இரண்டு பேருக்கும் வசதியாக இல்லை. 1791-இல் ஆங்கிலேயரோடு சேர்ந்து டிப்புவை அடித்தவர்கள் ஹைதராபாத் நிஜாமும் மராத்தியரும். டிப்புவின் நண்பர்கள் பிரெஞ்சுக்காரர்கள்; 1788-இல் அவருடைய தூதர்கள் பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயியின் அவையில் நின்றார்கள். அவருடைய திவான் பூர்ணய்யா பிராமணர். மராத்தியப் படையினர் 1791-இல் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, மடத்தைச் சீர்படுத்தப் பணமும் பொருளும் அனுப்பியவர் டிப்பு.

அதே டிப்புதான் 1784-இல் மங்களூர்ப் பகுதிக் கத்தோலிக்கர்களை, ஆங்கிலேயருக்கு உதவினார்கள் என்ற சந்தேகத்தில், ஆயிரக்கணக்கில் பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திக்கொண்டு போனார். வழியிலும் சிறையிலும் செத்தவர்கள் ஏராளம். தேவாலயங்கள் இடிக்கப்பட்டன. பலர் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டார்கள். டிப்பு செத்த 1799-க்குப் பிறகுதான் மிஞ்சியவர்கள் ஊர் திரும்பினார்கள். சிருங்கேரியைச் சொல்கிறவன் மங்களூரைச் சொல்வதில்லை. மங்களூரைச் சொல்கிறவன் சிருங்கேரியைச் சொல்வதில்லை. நீங்கள் இரண்டையும் சொல்லப் பழகுங்கள்.

இன்னொன்று. 1798-இல் நெப்போலியன் எகிப்துக்குள் புகுந்தார். உடனே துருக்கி சுல்தான் மூன்றாம் செலிம் டிப்புவுக்குக் கடிதம் எழுதினார்: பிரெஞ்சுக்காரரை நம்பாதே, ஆங்கிலேயரோடு சமாதானமாகப் போ என்று. அந்தக் கடிதம் ஆங்கிலேயர் கை வழியாகவே வந்தது. கலீபா என்று போற்றப்பட்டவர் தம் சகோதர முஸ்லிமைக் கிறிஸ்தவ ஆங்கிலேயரோடு சேரச் சொல்கிறார், இன்னொரு கிறிஸ்தவ நாட்டுக்கு எதிராக! 1799 மே 4 அன்று டிப்பு கோட்டை வாசலில் விழுந்து செத்தபோது எதிரே நின்ற படைகளில் நிஜாமின் படையும் இருந்தது. இதை இரண்டு நாகரிகங்களின் போர் என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே 2015-இல் அரசு டிப்பு ஜெயந்தி கொண்டாடத் தொடங்கியது. குடகில் கலவரம், உயிர் போனது. 2019-இல் அடுத்த அரசு விழாவை நிறுத்தியது. 1784-இல் செத்தவர்களுக்கு இரண்டிலும் ஒரு பயனும் இல்லை.

ஜெருசலேமில் ஒரு வழக்கம் இருக்கிறது. இயேசுவின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் திருக்கல்லறைத் தேவாலயத்தில் ஆறு கிறிஸ்தவப் பிரிவினருக்குப் பங்கு உண்டு, அவர்களுக்குள் ஒத்துப்போகாது. ஆகவே பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் பொதுவீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கொடுத்து வைப்பதுபோல, அந்தக் கோயில் சாவி ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கிறது. கதவைத் திறக்கும் பொறுப்பு இன்னொரு முஸ்லிம் குடும்பத்துக்கு. சலாஹுத்தீன் காலத்திலிருந்து வருகிற ஏற்பாடு என்பார்கள். அந்தக் கதவுக்காகத்தான் 1096-இல் ஐரோப்பாவே கிளம்பியது. காணொளி போடுகிறவர்கள் இந்தச் சாவியைக் காட்டுவதில்லை.

வயதானவன் என்ற உரிமையில் கேட்கிறேன், கண்ணுகளா. ஆயிரம் வருஷப் பகை என்று எவனாவது அனுப்பினால், உடனே அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். நடுவில் எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை அது தூங்கியது, யார் வந்து எழுப்பினார்கள் என்று தேடிப் பாருங்கள். நம்மூர்த் தெருவில் உருது பேசுகிற வீடும், தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற வீடும் இருக்கின்றன. மங்களூரில் நடந்ததற்கு இங்கே உருது பேசுகிற பையன் பதில் சொல்ல வேண்டியதில்லை. 1099-க்கு உங்களோடு படிக்கிற சவேரியார் பெயர் வைத்த பையனும் பொறுப்பில்லை. அவர்களைக் கேள்வி கேட்கிறவனை நிறுத்துங்கள். அதற்குப் பெரிய வீரம் தேவையில்லை, வரலாறு தெரிந்தால் போதும்.

ராயக்கோட்டைக்கு இங்கிருந்து ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் மலை ஏறிப் பாருங்கள். 1791-இல் ஏறிப் பிடித்த கம்பெனிப் படையில் சிப்பாய்கள் பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசிய இந்துக்களும் முஸ்லிம்களும். அது தெரிந்து ஏறினால் கோட்டை வேறு மாதிரித் தெரியும். பிரியாணி வாங்கிக்கொள்வது உங்கள் இஷ்டம். தண்ணீர் மட்டும் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.